காளிங்கன் மேல் ஜானு மாமி

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். அந்தக் கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள், ஒன்றும் அழாது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு வீரக் கதை வைத்திருக்கிறேன். இதில் ராஜா கிடையாது, வாள் கிடையாது, குதிரையும் கிடையாது. மந்தைவெளியிலிருந்து மடிசார் கட்டிக்கொண்டு கிளம்பிப் போய், ஆகாயத்தில் தலைகீழாகத் தொங்கிவிட்டு வந்த ஒரு மாமியின் கதை. சிரிக்க நினைப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பாதியில் நானே சிரித்துக் கதை நின்றுபோனால் மட்டும் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாமியின் பெயர் ஜானகி. வீட்டிலும் தெருவிலும் ஜானு. மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் குடித்தனம். வீணை சொல்லிக்கொடுக்கிறாள். சின்ன வயதில் வீணைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தவள், கல்யாணத்தன்று எழுந்து நின்று மாலை மாற்றிக்கொண்டு, திரும்பவும் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த இடத்தில் மொசைக் தரையே கொஞ்சம் வழுவழுப்பாகிவிட்டது என்று மாணவிகள் கேலி பேசுவார்கள்.

அந்த மாணவிகளில் ஒருத்திதான் ஒருநாள் ஒரு வீடியோ அனுப்பிவைத்தாள். கேளம்பாக்கம் தாண்டி ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. குதூகலபுரி என்று பெயர். அதில் புதிதாக ஒரு ரோலர் கோஸ்டர் வைத்திருக்கிறார்கள், ‘காளிங்கன்’ என்று. பச்சை நிறத்தில் பெரிய பாம்பு மாதிரி வளைந்து, மேலே ஏறி, கீழே பாய்ந்து, ஒரு இடத்தில் முழுசாகக் கவிழ்ந்து நிமிர்கிறது. அதில் உட்கார்ந்திருந்த பெண் வாயைத் திறந்து கத்திய கத்தலில் அவளுடைய உள்நாக்கே தெரிந்தது.

ஜானு அந்த வீடியோவை ஒருமுறை பார்த்தாள். குக்கர் கத்தும்போது ஒருமுறை பார்த்தாள். மாணவி சரளி வரிசை வாசிக்கும்போது மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்தாள். கடைசியில் அந்த ஃபோனுக்கே ஆசை புரிந்துபோய், ஜப்பானில் ஓடுகிற கோஸ்டர், துபாயில் ஓடுகிற கோஸ்டர் என்று அதுவாகவே கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தது.

ஏற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். பூங்காவின் இணையதளத்துக்குப் போய் விதிகளை உருப்போட்டாள். இதயநோய் கூடாது. கர்ப்பம் கூடாது. முதுகுவலி கூடாது. மூன்றும் இல்லை. புடவை, லுங்கி, துப்பட்டா கூடாது. அதைப் பிறகு யோசிக்கலாம். அடுத்த வரியில்தான் பகீர் என்றது: அறுபது வயது பூர்த்தியானவர்களுக்குக் காளிங்கனில் அனுமதி இல்லை.

அவளுக்கு அடுத்த வாரம் அறுபது முடிகிறது. அடுத்த வாரத்துக்குள் ஏறினால் உண்டு. தவறினால், அப்புறம் வீடியோதான். இந்த ஜன்மத்தில் கிடையாது.

இப்போது அவள் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் சங்கரன். இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இருக்கிறவர்களின் உயிருக்கெல்லாம் விலை போட்டுப் போட்டு, தன்னைச் சுற்றி எல்லாமே விபத்துதான் என்று நம்பத் தொடங்கிவிட்டார். பல்ப் மாற்ற ஸ்டூல் மேல் ஏற மாட்டார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார். அவன் ஏறும்போது இவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்கு இன்னொரு குணம். ஆங்கிலத் தேதியில் பிறந்தநாள் கொண்டாடினால் அவருக்குப் பிடிக்காது. தமிழ் மாதம், நட்சத்திரம், அதுதான் பிறந்தநாள். பேங்கிலிருந்து ஹாப்பி பர்த்டே என்று செய்தி வந்தால், “இன்னிக்கு என் நட்சத்திரமே இல்லை” என்று அதற்குப் பதில் அனுப்புவார். அவர் கணக்குப்படி ஜானுவின் நட்சத்திரப் பிறந்தநாள் இந்த வாரமே வந்துவிட்டது. தை மாதம், உத்திரட்டாதி. அன்று காலை ஆயுஷ்ய ஹோமம் பண்ணிவிட்டால் அறுபது பூர்த்தி, பேச்சே கிடையாது.

அவருடைய அறுபதாம் கல்யாணம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நங்கநல்லூரில் மண்டபம் பிடித்து நடந்தது. வந்தவர்களெல்லாம் குடம் குடமாகத் தண்ணீரை எடுத்து இருவர் தலையிலும் ஊற்றினார்கள். அறுபது ஆனது அவருக்கு, ஜலதோஷம் பிடித்தது ஜானுவுக்கு. அதை வைத்துத்தான் ஜானு மடக்கினாள்.

“உங்க அறுபதுக்கு நான் நனைஞ்சேன். என் அறுபதுக்கு நான் கேக்கற இடத்துக்கு நீங்க வரணும்.”

“காசியா, ராமேஸ்வரமா?”

“கேளம்பாக்கம் தாண்டி.”

“அங்கே என்ன இருக்கு?”

“காளிங்கன் இருக்கு.”

கிருஷ்ணன் கோவில் என்று நினைத்துக்கொண்டு அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஜானு திருத்தவில்லை. வண்டி கிளம்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஹோமத்துக்கு முதல்நாளே சங்கரனின் அக்கா அபயாம்பாள் ஆதம்பாக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். அறுபத்தைந்து வயது. மனதில் ஒன்று தோன்றினால் அது வாய்க்கு வர அரை நொடிகூட ஆகாது. இரவு அக்காவும் தம்பியும் ஹாலில் உட்கார்ந்து எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஜானு சமையலறையில் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

மறுநாள் காலை ஹோமம் முடிந்தது. நெற்றியில் ஹோமச் சாம்பலில் இட்ட ரட்சை, தலையில் அட்சதை. ஜானு கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே மேலும் கீழும் பார்த்தாள். புடவை கூடாது என்பது விதி. சுடிதார் அவளிடம் கிடையாது. ஆனால் இப்போது கட்டியிருப்பது ஒன்பது கஜம் மடிசார். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு காலுக்கும் தனித்தனி வழி இருந்தது.

“ஜானு, புடவையை மாத்திண்டு வா, கிளம்பணும்” என்றாள் அபயாம்பாள்.

“மாத்தப் போறதில்லை அக்கா. இப்படியேதான்.”

“மடிசாரோடயா? பார்க்கறவா என்ன சொல்லுவா?”

“டிக்கெட் வாங்கிண்டு உள்ளே வந்து சொல்லட்டும்.”

கால் டாக்ஸி அடையாறு தாண்டியதும் ஜானு உண்மையை உடைத்தாள். கோவில் இல்லை, பூங்கா. காளிங்கன் என்பது கிருஷ்ணன் ஆடின பாம்பு இல்லை, மின்சாரத்தில் ஓடுகிற பாம்பு. அதில் ஏறத்தான் போகிறோம்.

சங்கரன் வண்டியின் கூரை இடிக்கக் குதிப்பார் என்று எதிர்பார்த்துக் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் குதிக்கவில்லை.

“காளிங்கன் மேலே கிருஷ்ணன் ஏறலாம். நீ ஏறலாமா?” என்று மட்டும் கேட்டார்.

“கிருஷ்ணன்கிட்ட யாரும் வயசு கேக்கலையே.”

“சரி சரி. எல்லாம் பகவான் விட்ட வழி” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மனுஷர் ஒரு பேச்சை இவ்வளவு சுலபமாக விட்டதே இல்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவளுக்கிருந்த குஷியில் வரவில்லை.

பூங்கா வாசலில் டிக்கெட் கவுண்டர். உள்ளே ஆஃப்ரீன் என்று சட்டையில் பெயர் குத்திய பெண். சங்கரன் முந்திக்கொண்டு போய் நின்றார்.

“மூணு சீனியர் சிட்டிசன்.”

“ஆதார் காட்டுங்க சார்.” வாங்கிப் பார்த்தாள். “உங்களுக்கும் பெரியம்மாவுக்கும் ஓகே. இவங்களுக்கு அடுத்த வாரம்தான் சார் அறுபது ஆகுது. அடல்ட் டிக்கெட் போடறேன்.”

“அது இங்கிலீஷ் தேதிம்மா. பஞ்சாங்கப்படி இவளுக்கு இன்னிக்குக் காத்தால சூரிய உதயத்தோட அறுபது பூர்த்தி. ஹோமம் பண்ணி, ஆசீர்வாதம் ஆகி, அந்த ஈரத்தோட நேரா இங்கே வரோம். ரட்சையைப் பாரு. உத்திரட்டாதி நட்சத்திரம் எப்படி வரதுன்னா...”

“ஏன்னா, அவ போடறதைப் போடட்டுமே” என்றாள் ஜானு.

“நீ சும்மா இரு. உனக்கு ஒரு மரியாதை வாங்கித் தரேன்.”

அவர் சந்திரனை ராசி ராசியாக நகர்த்திக் காட்ட ஆரம்பித்தார். வரிசை பின்னால் சாலை வரைக்கும் நீண்டது. “யோவ் பெர்சு, டிக்கெட் வாங்க வந்தியா, ஜோசியம் சொல்ல வந்தியா?” என்று ஒரு குரல் வந்தது. ஆஃப்ரீனுக்கு மூன்றாவது ராசியிலேயே பொறுமை போய்விட்டது. “சரி சார், உங்க இஷ்டம்” என்று மூவர் மணிக்கட்டிலும் பழுப்பு நிறத்தில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி உள்ளே அனுப்பினாள். மற்றவர்கள் கையிலெல்லாம் மஞ்சள் பட்டை இருந்தது. பழுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, புடவைக் கரைக்குப் பொருத்தம் என்று ஜானு நினைத்துக்கொண்டாள். பட்டை நிறத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று இணையத்தில் எங்கேயும் போடவில்லை.

உள்ளே நுழைந்ததும் அபயாம்பாள் குட்டி ரயிலைப் பார்த்தாள். சிமெண்ட் யானை, சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கி இவற்றைச் சுற்றிச் சுற்றி வருகிற ரயில். “எனக்கு இது போறும்” என்று முதல் பெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சங்கரன் அதற்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் புளியோதரைப் பையோடு அமர்ந்தார். “போய்ட்டு வா, போய்ட்டு வா” என்று கையை ஆட்டினார். ஜானு காளிங்கனைத் தேடிப் போனாள்.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கூச்சல் வருகிற திசையில் நடந்தால் போதும். நேரில் அது வீடியோவில் பார்த்ததைவிட இரண்டு பங்கு பெரிதாக இருந்தது. ஆனாலும் ஜானு போய் வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் நின்ற பெண்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். கறுத்த, கனத்த உடம்பு. மகனுடைய சட்டையையும் பேரம் பேசி வாங்கிய பேண்டையும் மாட்டிக்கொண்டிருந்தாள். மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. மீன் விற்கிற முத்தம்மா. வியாபாரக் கூட்டாளிகளோடு வேன் பிடித்து வந்தவள்.

“இன்னா மாமி, கோயிலுக்குப் போற பஸ்ஸு வழி மாறி இங்க இட்டாந்து வுட்டுச்சா?”

“கோவிலெல்லாம் ஆச்சு. இதுக்குத்தான் வந்தேன்.”

“ஐய, மெய்யாலுமா?” முத்தம்மா வாயில் கை வைத்தாள். “இதுல குந்திக்கினு போவப் போறியா, இந்தக் கோலத்துலயா?”

“ஏன், உங்களுக்குப் பயமா இல்லையா?”

“எனக்கா! முன்ன அடையாத்து ஓரமா தரையில இருந்தோம். இப்போ பெரும்பாக்கத்துல எட்டாவது மாடில வூடு குடுத்துக்கீறாங்க. துணி காயப் போட எட்டிப் பார்த்தாலே வவுறு கலக்கும். இது இன்னா மாமி, பெல்ட்டு போட்டு உக்கார வெச்சு இஸ்துகினு போவுது. சோக்கா போலாம்.”

“உங்களுக்கு வயசு என்ன ஆறது?”

“இங்கயா?” முத்தம்மா குரலைத் தாழ்த்தினாள். “இங்க நாப்பத்தஞ்சு. ரேஷன் கடையில அறுவத்திரெண்டு.”

ஜானு சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த அட்சதை நாலு உதிர்ந்தது. வரிசை நகர்ந்தது. இருவரும் சேர்ந்தே உட்காருவது என்று பேசி முடித்துவிட்டார்கள். படியேறி மேடைக்கு வந்தபோது, அங்கே எல்லார் கையையும் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்த டில்லிபாபு என்கிற பையன் ஜானுவின் கையைப் பார்த்ததும் குறுக்கே கயிற்றைப் போட்டான்.

“மாமி, நீ இப்டி வந்துடு. ப்ரௌன் பட்டைக்கு இது கெடையாது.”

“ஏன் கிடையாது?”

“அறுவது தாண்டினவங்களுக்குப் போடற பட்டை மாமி அது. உங்களுக்கு ரயிலு கீது, படகு கீது, ஊஞ்சல் கீது. அங்க போய்க் குந்து.”

“எனக்கு அறுபது ஆகலை! அடுத்த வாரம்தான் ஆறது!”

“பட்டை வேற மாதிரி சொல்லுதே.”

“டேய் நைனா” என்றாள் முத்தம்மா, “மாமி மூஞ்சப் பார்த்தா பொய் சொல்ற மாதிரியா கீது? வுடுடா.”

“யக்கா, கேமரா கீது மேல. எனக்கு வேலை பூடும். கவுண்டருக்குப் போய் மஞ்சப் பட்டை மாத்திக்கினு வரட்டும், நானே கையப் புடிச்சு ஏத்தி வுடறேன். டிக்கெட்டு யாரு வாங்கினாங்களோ அவங்க வந்து சொல்லணும். அதான் ரூல்சு.”

முத்தம்மா வரிசையை விட்டு விலகிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டாள். “நீ போய்ட்டு வா மாமி. நான் இங்கியே கீறேன். நீயில்லாம ஏற மாட்டேன்.”

ஜானு வந்த வழியே நடந்தாள். மணிக்கட்டில் அந்தப் பட்டை திடீரென்று கனத்தது. அதைப் பிய்த்துப் பார்த்தாள். நல்ல தரமான கோந்து. வரவில்லை.

பெஞ்சில் சங்கரன் புளியோதரையில் நிலக்கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

“இந்தப் பட்டை கையில இருந்தா ஏத்த மாட்டாளாம்.”

“அப்படியா? அடடா. ஐயோ பாவமே” என்றார் சங்கரன். ரொம்பச் சுத்தமாக, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததுபோல வந்தது அந்த ஐயோ பாவமே. “விதி அப்படி இருந்தா நாம என்ன பண்றது? உக்காரு. புளியோதரை நன்னா வந்திருக்கு.”

அப்போது குட்டி ரயில் கூவிக்கொண்டு வந்தது. முதல் பெட்டியில் அபயாம்பாள், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு மகாராணி மாதிரி.

“என்ன ஜானு, அதுக்குள்ளே வந்துட்டே? ஏத்தலையா?”

“அறுபது ஆனவாளை ஏத்த மாட்டாளாம் அக்கா.”

“அதான் நேத்து ராத்திரியே சொன்னானே! ஃபோன்ல பார்த்துட்டு, அறுபது ஆச்சுன்னா அவளை ஏத்த மாட்டா, நான் கவுண்டர்ல பேசிக்கறேன்னு...”

ரயில் அவளைச் சிமெண்ட் யானைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டது.

சங்கரன் வாயில் இருந்த கடலையை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

“நேத்து ராத்திரியே தெரியுமா?” என்றாள் ஜானு.

“நடை எப்போ சாத்துவான்னு பார்க்கத்தான் ஃபோனைத் திறந்தேன்” என்றார் அவர். “கோவில்னு நினைச்சுண்டு. பார்த்தா பாம்பு தலைகீழா நிக்கறது.”

“அதனால?”

“அதனால... நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. பஞ்சாங்கப்படி உனக்கு அறுபது ஆச்சு. இன்னிக்கு ஹோமம் பண்ணினோமா இல்லையா?”

“மரியாதை வாங்கித் தரேன்னேளே.”

தூரத்தில் காளிங்கன் ஒரு கூட்டத்தை அலற அலற இறக்கியது. அவர் அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

“அது கவுந்து போறது ஜானு. கம்பி விட்டுப் போனா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? காத்தால எழுந்து எனக்குக் காபி யாரு...” பாதியில் நிறுத்திக்கொண்டார். சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

“காபிப்பொடி ரெண்டாவது தட்டுல இருக்கு” என்றாள் ஜானு. “ஃபில்டர் அதுக்குப் பக்கத்துல. சக்கரை உங்களுக்குக் கிடையாது.”

அவர் பொட்டலத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “நான் காபிக்காகச் சொல்லலை” என்றார் மெதுவாக.

“தெரியும்.” ஜானு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. “ஆனா அடுத்த வாரத்துக்கு அப்பறம் நான் தலைகீழா நின்னாலும் இதுல ஏத்த மாட்டா. இன்னிக்கு விட்டா போச்சு. நீங்க பயப்படறதுக்கு ஆயுசு பூரா நேரம் இருக்கு. எனக்கு இன்னிக்கு மட்டும்தான். கவுண்டருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ.”

“இங்கிலீஷ் தேதியை என் வாயால சொல்லச் சொல்றியா? அத்தனை பேர் முன்னாடி அறுபதுன்னு அடிச்சுப் பேசிட்டு?”

ரயில் யானையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. அபயாம்பாளுக்குக் காது கூர்மை.

“ஏண்டா சங்கரா, நீ ரிட்டயர் ஆனது எந்தத் தேதிப்படிடா? நட்சத்திரப்படி பார்த்திருந்தா முன்னாடியே ஆத்துக்கு வந்திருக்கணுமே! கடைசி நாள் வரைக்கும் இங்கிலீஷ் தேதியிலதானே சம்பளம் வாங்கினே...”

ஒட்டகச்சிவிங்கி அவளை மறைத்தது.

சங்கரன் எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஜானுவின் முகத்தைப் பார்க்காமல், “வா” என்றார்.

கவுண்டரில் அதே ஆஃப்ரீன். அதே மாதிரி வரிசை. சங்கரனைக் கண்டதும் அந்தப் பெண் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்துக்கொண்டாள், புயலுக்குத் தயாராகிறவள்போல.

“சார், இப்போ எந்த ராசி?”

“இவளுக்கு மஞ்சள் பட்டை வேணும்.”

“காலையில அறுபதுன்னு அவ்ளோ சொன்னீங்களே சார்.”

“பஞ்சாங்கப்படி அறுபது.”

“ரைடுக்கு?”

சங்கரன் கழுத்தைத் தடவினார். வானத்தைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஜானு பழுப்புப் பட்டை போட்ட கையை நீட்டியபடி நின்றாள்.

“ரைடுக்கு...” என்று இழுத்தார். “ரைடுக்கு அம்பத்தொம்போது.”

“சத்தமா சொல்லுங்க சார், கேக்கல.”

“அம்பத்தொம்போதும்மா! இவளுக்கு இன்னும் அறுபது ஆகலை! போறுமா?”

வரிசையிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். ஆஃப்ரீன் கத்தரிக்கோலை எடுத்துப் பழுப்புப் பட்டையை வெட்டி, மஞ்சளை ஒட்டினாள். “ஹாப்பி பர்த்டே ஆன்ட்டி. அட்வான்ஸா” என்றாள். சங்கரன் அதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜானு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மேடையில் டில்லிபாபு பட்டையைப் பார்த்தான், தலையாட்டினான். அப்புறம் கீழே பார்த்தான்.

“மாமி, சேலை ஆவாதே.”

“இது சேலை இல்லைப்பா.” ஜானு ஒரு காலைத் தூக்கிப் படிமேல் வைத்துக் காட்டினாள். “பாரு. ரெண்டு காலுக்கும் வேற வேற. நடுவுல கச்சம். எங்கேயும் பறக்காது.”

டில்லிபாபு தலையைச் சொறிந்தான். “இதுக்கு ரூல்சே இல்லியே.”

“உன் ஜீன்ஸ வுட டைட்டா கீதுடா” என்றாள் முத்தம்மா. அத்தனை நேரமும் சொன்ன சொல் தவறாமல் கைப்பிடியில் சாய்ந்தபடி காத்திருந்தாள். “வுடு, போவட்டும்.”

ஜானு திருமாங்கல்யத்தை உள்ளே தள்ளி ஊக்குப் போட்டாள். கண்ணாடியையும் செருப்பையும் கழற்றி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சங்கரனிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைக்கொன்றாக இரண்டு செருப்பையும் பிடித்துக்கொண்டார். அபயாம்பாளும் ரயிலை விட்டு இறங்கி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

கம்பி தோளில் வந்து இறங்கியது. பக்கத்தில் முத்தம்மாவிடமிருந்து மெல்லிய மீன் வாசனை. வண்டி கடகடவென்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறியது. ஜானு பயந்தால் “நாராயணா” என்று கத்துவது என்று தீர்மானித்து வைத்திருந்தாள். ஏறிக்கொண்டே இருந்தது. சவுக்குத் தோப்பு காலுக்குக் கீழே போனது. காயல் தெரிந்தது, அதற்கும் அப்பால் ஒரு கோடாகக் கடல். கண்ணாடி இல்லாததால் எல்லாம் மசமசவென்று அழகாக இருந்தது. உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது.

“மாமி” என்றாள் முத்தம்மா. “எனக்கு வவுத்த என்னமோ பண்ணுது. எட்டாவது மாடி வேற, இது வேற.”

பதில் சொல்ல நேரமில்லை. பூமி மேலே வந்தது.

கண்ணுகளா, நம் ஜானு கல்யாணமான நாளிலிருந்து கணவர் பெயரை வாய்விட்டுச் சொன்னவள் இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் “ஏன்னா”. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் அவரையே கைகாட்டுவாள். அப்பேர்ப்பட்டவள் வாயிலிருந்து, அந்தப் பள்ளத்தில், நாராயணன் வரவில்லை.

“டேய் சங்கரா!”

கவிழ்கிற இடத்தில் இன்னும் ஒரு ஸ்தாயி மேலே போயிற்று.

“சங்கராஆஆ! டேய்! டேய் சங்கரா!”

பூங்கா முழுக்கக் கேட்டது. பாப்கார்ன் விற்றவன் நிமிர்ந்து பார்த்தான். அபயாம்பாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“உன்னை டேய் போட்டுட்டாடா!”

சங்கரன் காதில் அக்கா சொன்னது விழவே இல்லை. அவர் வேலியை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தார். வேட்டி தடுக்க, இரண்டு செருப்பையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி வளைகிற பக்கமெல்லாம் வளைந்து ஓடினார்.

“இதோ ஜானு! இதோ இருக்கேன்! இங்கே! இங்கேதான் இருக்கேன்!”

வண்டி வந்து நின்றது. முத்தம்மா கண்ணைத் திறக்காமலே, “முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டாள். ஜானு இறங்கினாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. நெற்றி ரட்சை கன்னத்துக்கு வந்திருந்தது. மடிசார் இம்மிகூட நகரவில்லை. தள்ளாடித் தள்ளாடி வேலிவரை வந்தாள். சங்கரனுக்கு அவளைவிட அதிகமாக மூச்சு வாங்கியது.

“எப்படி இருந்தது?” என்றார்.

“மேலேர்ந்து பார்த்தா நீங்க இத்துனூண்டு இருந்தேள். கையில செருப்போட, யாரையோ அடிக்க ஓடற மாதிரி.”

“நீதானே கூப்பிட்டே.”

“கூப்பிட்டேனா?”

“டேய் போட்டு.”

ஜானு அவரைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நின்றபடி சிரிக்க முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து சிரித்தாள். முத்தம்மா சிரித்தாள். அபயாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள், பிரயோஜனமில்லை, அவளும் சிரித்தாள். சங்கரன் குனிந்து செருப்புகளை அவள் காலடியில் ஜோடியாக வைத்தார்.

ஜானு அவற்றை எடுத்துத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

“கையிலேயே வெச்சுக்கோங்கோ. இன்னொரு தடவை போகப் போறேன். முத்தம்மா, வரேளா?”

“ஐய, வா மாமி. இந்த தபா கண்ணத் தொறந்துகினு வரேன்.”

சங்கரன் செருப்பைப் பிடித்தபடி நின்றார். “மறுபடியும் அப்படிக் கூப்பிடுவியா?” என்று கேட்டார்.

“தெரியாது. வாயில என்ன வரதோ அதுதான். கூப்பிட்டா பதில் சொல்லுங்கோ.”

அன்று விளக்கு வைத்து, பூங்காவைச் சாத்தும்வரை அவள் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு முறையும் மேலேயிருந்து ஒரு குரல், கீழேயிருந்து ஒரு குரல். கடைசி முறை அவர் ஓடவில்லை. எந்த வளைவில் கூப்பிடுவாள் என்று தெரிந்துகொண்டு, அங்கே முன்னாலேயே போய் நின்றுவிட்டார்.

அவ்வளவுதான் கதை, செல்லங்களா. எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டுப் பால் பொங்கட்டும், பொங்குகிற நேரத்தில் அடுப்பை அணைக்க யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் ஆசைப்பட்ட உயரத்துக்குப் போய்விட்டுப் பத்திரமாக இறங்கட்டும். உங்கள் வீட்டு ஆண்களுக்குப் பயம் கொஞ்சமாகவும் மூச்சு நிறையவும் இருக்கட்டும். யாரை எப்படி வாய் தவறிக் கூப்பிட்டாலும், உங்கள் வீட்டில் சிரிப்பு மட்டும் குறையாமல் இருக்கட்டும்.